துலக்காதீர்கள்: பழங்காசு சேர்க்க வந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

போன மாதம் நடந்த காசுக் கண்காட்சிக்கு ஒரு பெண் வந்திருந்தாள். கல்லூரியில் முதல் வருடம். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளி ரூபாயை என் மேசைமேல் வைத்தாள். 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்ததாம். அந்த வருட ரூபாயை நம் வட்டாரத்தில் தேடாதவர் இல்லை. ஆனால் அவள் கொண்டுவந்த காசு எவர்சில்வர் தட்டைப் போல மின்னிக்கொண்டிருந்தது.

"ரொம்பக் கறுத்துப் போயிருந்துச்சு அண்ணா. நேத்து ராத்திரி திருநீறு போட்டு நல்லாத் துலக்கிட்டேன். அம்மா வெள்ளி விளக்கை அப்படித்தான் துலக்குவாங்க" என்றாள்.

லென்சை அவள் கையில் கொடுத்து, விளக்குக்கு அடியில் காசை மெல்லச் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். ராஜாவின் முகத்திலும் பின்னால் இருக்கும் வெற்றிடத்திலும் ஆயிரம் மயிரிழைக் கீறல்கள், ஒரே திசையில், விரல் ஓடிய வாக்கில். "இதெல்லாம் நான் போட்டதா?" என்று கேட்டாள். ஆம் என்று சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த ஒன்று ஒரே ராத்திரியில் போயிற்று. போனது திரும்பாது. அவள் முகம் அன்று முழுக்க என் கண்ணைவிட்டு அகலவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்த முகம்தான்.

இருபது வருடங்களுக்கு முன்பு நானும் இதைச் செய்தேன். நான் எடுத்தது புளி, காசு செம்பு. அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. பச்சை நரம்போடிய பழுப்பு நிறம் போய், புதுச் செப்புக் குடத்தின் நிறத்தில், உயிரில்லாமல் இருக்கிறது. விற்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

நீங்கள் இந்தத் தவறைச் செய்வதற்கு முன்பு இந்த மடல் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்பது என் ஆசை. பளபளப்பு வேறு, காசின் நிலை வேறு. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால், காசின் தரம் பார்க்கும் வித்தையில் பாதி கைவந்த மாதிரிதான்.

அச்சில் அடிபட்டு வெளிவந்த புதுக் காசின் ஒளியை முதலில் கண்ணால் கண்டு பழகுங்கள். இரண்டு அச்சுகளுக்கு இடையில் வெள்ளி வில்லை நசுங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. அப்படி ஓடிய தடம், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத மெல்லிய வரிகளாக, காசின் மேற்பரப்பில் நின்றுவிடுகிறது. அந்த வரிகளில் பட்ட ஒளிதான், காசைச் சுழற்றும்போது வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலச் சுற்றி வருகிறது. பட்டுச் சேலையின் மடிப்பைத் திருப்பினால் ஒளி நகருமே, அதே மாதிரி. துலக்கிய காசில் ஒளி நகராது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரி பளிச்சென்று நிற்கும். திருநீறோ பற்பசையோ பாத்திரப் பொடியோ, எது போட்டுத் தேய்த்தாலும் முதலில் அழிவது அந்த வரிகள்தான். வெள்ளி நகைக்காரர்கள் முக்கி எடுக்கும் மருந்துத் தண்ணீரும் அப்படித்தான். கையே படாமல் கறுப்பைக் கரைக்கும். கூடவே மேற்பரப்பில் ஒரு படலத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

கறுப்பு என்று நாம் வெறுப்பது என்ன? காற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம். காகிதத்தில் மடித்து, மரப்பெட்டியில் பல்லாண்டு கிடந்த ரூபாயில் அது ஓரத்தில் நீலமும், உள்ளே தங்க மஞ்சளும், நடுவில் சாம்பலுமாகப் படிந்திருக்கும். தேர்ந்த சேகரிப்பாளர்கள் அந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நாம் அதை அழுக்கு என்கிறோம்.

இனி, ஒரு ரூபாயை எப்படிப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் 1911 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். அதைவிட நல்ல பாடம் வேறு கிடையாது.

மேசையில் மெத்தென்ற துணி விரியுங்கள். காசு நழுவினாலும் துணியில் விழ வேண்டும். விளிம்பை மட்டும் இரு விரலால் பிடியுங்கள். முகத்தில் பெருவிரல் பட்டால் ரேகை உலோகத்தில் தங்கிவிடும். மேலே பரவலாக எரியும் டியூப்லைட் உதவாது. ஒரே இடத்திலிருந்து வரும் மேசை விளக்கு வேண்டும். முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள், பிறகுதான் லென்ஸ். ஐந்து மடங்கோ ஏழு மடங்கோ போதும். பத்து மடங்கு லென்சில் பார்த்தால் நல்ல காசும் போர்க்களமாகத் தெரியும். அது காசு அசலா போலியா என்று பார்ப்பதற்கு உரியது.

காசு தேய்வது மேட்டில். விரலும் பையும் கல்லாப்பெட்டியும் முதலில் தொடுவது உயர்ந்த இடங்களைத்தான். அதனால் ஒவ்வொரு வகைக் காசிலும் எது மேடு என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் தலைப்பக்கத்தில் கிரீடம், புருவம், மீசை, காதுக்கு மேலே இருக்கும் முடி. 1862 முதல் வந்த விக்டோரியா ரூபாயில் கிரீடத்தின் மணிகளும், மார்பில் ஆடையின் பூவேலையும். அதற்கு முந்தைய 1840 விக்டோரியா ரூபாயில் ராணிக்குக் கிரீடமே கிடையாது. அங்கே வாரி முடிந்த கூந்தலின் இழைகள்தான் சாட்சி. பூவா தலையா போடுகிற நாம் பூப்பக்கத்தை அலட்சியமாகத் திருப்பிவிட்டுப் போகிறோம். கூடாது. பூப்பக்கம் ஒரு படி தாழ்ந்திருந்தால் காசின் தரமும் தாழ்ந்ததுதான்.

1911க்குத் தனிக் கதை உண்டு. ராஜாவின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கிறது. அந்த வருடம் செதுக்கிய அச்சில் தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம் மக்களிடையே மனக்கசப்பு எழுந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சேர்த்து ஏறக்குறைய 94 லட்சம் ரூபாய்கள் அடித்திருந்தார்கள். 7 லட்சம் வெளியே போனதும் நிறுத்திவிட்டார்கள். 1912 ரூபாயில் தும்பிக்கை திருத்தமாக வந்தது. இன்று நாம் 'பன்றி ரூபாய்' என்று தேடி ஓடுவது இந்த வெளியே போன காசுகளைத்தான். ஆகவே 1911 ரூபாய் ஒன்றைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் அந்த யானைக்குத்தான் போகும். அங்கியின் வேலைப்பாட்டோடு யானை கரைந்து ஒரு புடைப்பாக நின்றால், அந்த வருட ரூபாயை வாங்குவதன் பொருளில் பாதி போயிற்று என்பது என் கருத்து.

கடையில் நீங்கள் கேட்கும் சொற்களை இந்தக் காசின் மேல் வைத்தே சொல்லிவிடுகிறேன். எழுத்தும் வருடமும் முழுதாக இருந்து, கிரீடத்தின் உள்வேலை பெரும்பாலும் மழுங்கி, அங்கி ஒரே பரப்பாகத் தெரிந்தால் அது 'ஃபைன்'. பெயர் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், அது நடுத்தரத்துக்கும் கீழே. கிரீடத்தின் பட்டைகள் பிரிந்து தெரிந்து, காது முழுதாக இருந்து, யானை ஒரு மிருகம் என்று சொல்லும் அளவுக்கு இருந்தால் 'வெரி ஃபைன்'. நம்மவர்கள் விஎஃப் என்பார்கள். மேட்டின் உச்சி மட்டும் லேசாகத் தட்டையாகி, மற்றதெல்லாம் கூர்மையாக, எழுத்துகளின் இடுக்கில் புது ஒளி ஒளிந்திருந்தால் எக்ஸ்எஃப். புருவத்திலும் கிரீட நுனியிலும் மட்டும் சற்று மங்கி, மற்ற இடமெல்லாம் ஒளி சுற்றினால் ஏயூ. எங்கேயும் தேய்மானம் இல்லையென்றால் யூஎன்சி, அதாவது புழங்காதது. இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையில்தான் விலை பல மடங்கு தாவுகிறது, ஏமாற்றும் அங்கேதான் நடக்கிறது.

புழங்காத காசு என்றால் கீறலே இராது என்று எண்ண வேண்டாம். அக்கசாலையில் அடித்த ரூபாய்களைப் பையில் கொட்டி, பையை வண்டியில் ஏற்றி இறக்கினார்கள். ஒன்றோடொன்று மோதிய சிறு வெட்டுகள் கன்னத்திலும் வெற்றிடத்திலும் இருக்கும். அவை பல திசையில், குட்டையாக, ஆழமாக இருக்கும். துலக்கிய கீறல்கள் ஒரே திசையில், நீளமாக, மெலிதாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கற்க ஒரு வாரம் போதும்.

அடுத்தது கொஞ்சம் கடினம். தட்டையாகத் தெரிவதெல்லாம் தேய்மானம் அல்ல. அச்சு பழசாகியிருக்கலாம், அடி வலுவாக விழாமல் போயிருக்கலாம். பிறக்கும்போதே காசுக்கு அந்த இடத்தில் உருவம் வரவில்லை. இதை எப்படிப் பிரிப்பது? ஒளியைக் கேளுங்கள். தேய்ந்து தட்டையான இடம் சாம்பல் பூத்து மங்கியிருக்கும். அடி சரியாக விழாத இடம் தட்டையாக இருந்தாலும் சுற்றியுள்ள பரப்பைப் போலவே ஒளி ஓடும். ஒரு காசைப் பழிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். நல்ல புதுக் காசை விஎஃப் என்று தள்ளியவர்களையும், மழுங்கிய காசை 'அடி வீக்' என்று சாக்குச் சொல்லி விற்றவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இயந்திரத்தில் அடித்த ரூபாய்க்கு இந்த அளவுகோல் சரி. 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எல்லாம் ஒரே வட்டம். ஆனால் அதே கோலை எடுத்துக்கொண்டு ராஜராஜன் காசிடம் போகாதீர்கள். நின்ற உருவம் ஒரு பக்கம், அமர்ந்த உருவமும் நாகரியில் பெயரும் மறுபக்கம் கொண்ட அந்தச் செப்புக்காசு கையால் சுத்தியல் கொண்டு அடித்தது. வில்லை சிறிது, அச்சு பெரிது. பாதிக் காசுகளில் தலை வெளியே போய்விட்டிருக்கும், அல்லது கால் வந்திருக்காது. அது தேய்மானமும் அல்ல, சேதமும் அல்ல, அடித்தவன் கை சற்று நகர்ந்ததன் அடையாளம். அங்கே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. உருவம் நடுவில் விழுந்திருக்கிறதா? பெயரில் எத்தனை எழுத்து வில்லைக்குள் வந்திருக்கிறது? மேற்பரப்பு அரிக்காமல் இருக்கிறதா? இதே அமைப்பைப் பின்பற்றிப் பராக்கிரமபாகு, லீலாவதி முதலான இலங்கை அரசர்கள் பிற்காலத்தில் காசு அடித்தார்கள். அந்தக் காசுகளிலும் பெயர் எழுத்துகள்தான் எல்லாம். பெயர் விழாத காசு யாருடையது என்று சொல்வதே பாடாகிவிடும்.

இன்னும் பின்னால் போனால், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகள். மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்கள் அந்தச் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகளில்தான் வெளிவந்தன. நாணயவியல் ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்திய 'பெருவழுதி' என்று தமிழி எழுத்துப் பொறித்த பாண்டியர் செப்புக்காசும் அப்படித்தான். அந்தக் காசுகளை விஎஃப், எக்ஸ்எஃப் என்று யாராவது அளந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அரை எழுத்து படிக்க முடிந்தாலும் அது வரலாறு. யாரோ ஒருவர் ஆற்று மணலில் எடுத்ததை அவசரத்தில் அமிலத்தில் போட்டிருந்தால் அந்தப் பெயர்கள் நமக்கு வந்திருக்காது. போட்டும் இருக்கிறார்கள். எத்தனை பெயர் கரைந்து போனதோ.

செம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. செம்போடு பிறந்த களிம்பை ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும் சைவ சித்தாந்தத்தில் வளர்ந்தவர்கள் நாம். களிம்பு என்றாலே நீக்க வேண்டியது என்று மனம் சொல்கிறது. காசு சேர்ப்பவன் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த செப்புக்காசில் கரும்பச்சையாக, பழுப்பாக, மெருகுபோல இறுகிப் படிந்திருக்கும் களிம்பு காசைக் காப்பாற்றும் தோல். பல காசுகளில் உருவத்தின் கூர்மையே அந்தத் தோலில்தான் இருக்கும். உரித்தால் உள்ளே குழிவிழுந்த செம்புதான் மிஞ்சும். ஆனால் வெளிர்பச்சையாக, விபூதியைப் போலப் பொடிப்பொடியாக உதிரும் களிம்பு வேறு. அது நோய். மண்ணின் உப்பு செம்புக்குள் புகுந்து, ஈரக்காற்று பட்டதும் தின்னத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஊசிமுனை அளவு புள்ளியாகத் தொடங்கி காசையே ஓட்டையாக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் உடனே மற்ற காசுகளிலிருந்து பிரித்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு, அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். சென்னை, கடலூர், நாகை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, அதை மாதாமாதம் மாற்றுங்கள்.

மென்மையான பிவிசி உறைகளையும் இன்றே தூக்கி எறியுங்கள். மலிவு ஆல்பங்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. வெயில் காலத்தில் அது வியர்த்து, காசின் மேல் பச்சைப் பிசுக்காக ஒட்டும். அப்படி ஒட்டியதை மட்டும் சுத்தமான அசிட்டோனில் மூழ்க வைத்து எடுக்கலாம். நகப்பூச்சு நீக்கி அல்ல, அசிட்டோன். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு எரியாத இடத்தில் செய்யுங்கள். தேய்க்காதீர்கள், துடைக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடலாம். இந்த இரண்டுக்கு மேல் புதியவர்கள் எதுவும் செய்யக் கூடாது.

தேய்மானமே இல்லாமல் சேதப்பட்ட காசு உண்டா என்று கேட்பீர்கள். ஒரு கப்பல் நிறைய உண்டு. சென்னை ராஜதானியில் செலவாவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமிலுள்ள சோஹோ அக்கசாலையில் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை 1808இல் அடித்தது. அவற்றைப் பீப்பாய்களில் ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு அகலும் முன்பே குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை இலட்சக்கணக்கில் மேலே எடுத்தார்கள். ஒரு சந்தையையும், ஒரு கூலிக்காரர் மடியையும், ஒரு கோயில் உண்டியலையும் காணாத சென்னைக் காசுகள். சிலவற்றில் கம்பெனிச் சின்னத்தின் சிங்கங்கள் நேற்று அடித்ததுபோல நிற்கின்றன. சிலவற்றைக் கடல் தின்றுவிட்டது. தேய்மானம் சுழியம், ஆனால் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. இதை யூஎன்சி என்று விற்பவர் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. நல்ல சேகரிப்பாளர் இரண்டையும் எழுதுவார்: 'புழங்காதது, கடல் அரிப்பு உண்டு'.

தரம் ஒரு வரி, குறை ஒரு வரி. எப்போதும் இரண்டு வரி எழுதுங்கள். நம் ஊர்க் காசுகளுக்கு இது மிகவும் தேவை. பாதி ரூபாய்கள் காசுமாலையிலிருந்து வந்தவை. மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பை அரம் போட்டு மறைத்திருப்பார்கள். விளிம்பின் பல்வரிசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் வரி நின்றுபோயிருக்கும். துளையை வெள்ளியால் அடைத்திருப்பார்கள். அங்கே நிறம் மாறியிருக்கும். கலசத்தில் போட்டு எடுத்த காசில் மஞ்சளும் குங்குமமும் எழுத்திடுக்கில் படிந்திருக்கும். இவையெல்லாம் விலையைக் குறைக்கும். ஆனாலும் மறைக்கப்படாத துளையை நான் வெறுப்பதில்லை. யாரோ ஒரு பாட்டி கழுத்தில் கிடந்தது அது. மறைக்கப்பட்ட துளையைத்தான் வெறுக்கிறேன்.

எல்லாச் சேதமும் ஒன்றல்ல என்பதற்குப் புதுக்கோட்டைப் புதையலைப் பாருங்கள். 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள். பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. வேண்டுமென்றே போட்ட வெட்டு. இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே செல்லும் என்பதற்காக வெட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பியத் தரப்பட்டியலில் அது பெருங்குறை. நமக்கோ, அந்தக் காசு கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்து என்ன ஆயிற்று என்பதற்கான சான்று அந்த வெட்டு ஒன்றுதான்.

இப்போது நீங்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து எண் போட்டுத் தருகிறார்களே, அதை வாங்கினால் போதாதா என்று கேட்கிறீர்கள்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1949இல் தம் நாட்டுப் பழைய செம்பு சென்ட் காசுகளுக்காக ஒரு கணக்கு வகுத்தார். அடையாளம் மட்டும் தெரியும் காசு 1, குறையே இல்லாதது 70. ஒன்று ஒரு டாலர் என்றால் எழுபது எழுபது டாலர். விலை சொல்வதற்காக அமைத்த ஏணி அது. விலைக் கணக்கு சில வருடங்களில் பொய்த்துப்போயிற்று, எண் மட்டும் நின்றுவிட்டது. 1980களின் நடுவில் அமெரிக்காவில் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற நிறுவனங்கள் தோன்றி, அந்த எண்ணைப் போட்டுக் காசைப் பெட்டிக்குள் அடைத்துத் தரத் தொடங்கின. 60 முதல் எல்லாமே புழங்காதவை. இதே ஷெல்டன், நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தரம் குறைந்தவற்றை அந்த இடத்தில் வைத்துவிட்டார் என்பது அவர் இறந்தபிறகு வெளியே வந்தது. ஏணி அமைத்த கை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

பெட்டியை நான் பழிக்கவில்லை. காசு போலி அல்ல என்பதற்கு அது நல்ல காப்பு. விலை உயர்ந்த காசு வாங்குகிறவருக்கு நிம்மதி. ஆனால் அந்த எண்ணும் இரண்டு மூன்று பேர் சில நொடிகள் பார்த்துச் சொன்ன கருத்துதான். பெட்டியை உடைத்து மறுபடி அனுப்பி, மேல் எண் வாங்குவோர் இருக்கிறார்கள். மோதல் வெட்டு நிறைந்த 60ஐவிட, துளி தேய்ந்த 58 எத்தனையோ அழகாக இருக்கும். நமக்கு இன்னொரு தடையும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசு தொல்பொருள். அதை நாட்டுக்கு வெளியே அனுப்பச் சட்டம் நம்மை அனுமதிக்காது. ராஜராஜன் காசையும் 1911 ரூபாயையும் அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்க நினைக்காதீர்கள். நம் கண்தான் நமக்கு.

அந்தக் கண் நமக்குப் புதிதல்ல. காசின் மாற்றும் தரமும் பார்ப்பதற்குத் தமிழில் 'நோட்டம்' என்று பெயர், பார்ப்பவர் நோட்டக்காரர். அதற்கும் முன்னால் வண்ணக்கன் என்றார்கள். சங்கத் தொகைகளில் வடமவண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று புலவர்கள் வருகிறார்களே, அந்த வண்ணக்கன் காசும் பொன்னும் சோதிக்கும் தொழிலின் பெயர்தான். பகலில் காசு பார்த்த கண் மாலையில் பாட்டு எழுதியிருக்கிறது. எனக்கு அதில் சொல்ல முடியாத பெருமை உண்டு.

போலிகளைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. அது தனி மடல். இரண்டு மட்டும். 1818 என்று வருடம் போட்டு, ராமர் பட்டாபிஷேகம் பொறித்துக் கிழக்கிந்தியக் கம்பெனி அரையணா என்று விற்கப்படும் வில்லையைக் கம்பெனி ஒருநாளும் வெளியிட்டதில்லை. அதில் தரம் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. பழைய காசுக்கு இலட்ச ரூபாய் தருகிறோம், முன்பணமாகக் கட்டணம் கட்டுங்கள் என்று உங்கள் போனுக்கு வரும் செய்தியும் அதே ரகம். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடியைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021லேயே எச்சரித்தது.

விற்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று உங்கள் நோட்டம் தலைகீழாக மாறிவிடக் கூடாது. வாங்கும்போது விஎஃப் என்று பேரம் பேசிய காசே விற்கும்போது எக்ஸ்எஃப் ஆகிவிடுகிறது; இதை நான் நேரிலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை, நான் மிகவும் நம்பிய ஒருவர், துளை அடைத்த விக்டோரியா ரூபாயைச் சுத்தமான காசு என்று எனக்குக் கொடுத்தார். பணம் போனதைவிட, அன்றுமுதல் அவர் கடையில் எதை எடுத்தாலும் விளிம்பைச் சுற்றிப் பார்க்கத் தோன்றியதுதான் எனக்கு வலித்தது. ஆகவே காசு கைக்கு வந்த அன்றே, விலையை மறந்துவிட்டு, தரமும் குறையும் சீட்டில் எழுதிக் காசோடு வையுங்கள். விற்கும் நாளில் அந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்த மாதம் நம் வட்டத்தின் கூட்டத்துக்கு வருகிறீர்கள் அல்லவா? ஆளுக்கு ஐந்து காசு கொண்டுவாருங்கள். வீட்டில் ஏற்கெனவே துலக்கிவிட்ட காசு இருந்தால் அதையும் கட்டாயம் கொண்டுவாருங்கள், அதுதான் எல்லோருக்கும் நல்ல பாடப்புத்தகம். ஒவ்வொரு காசும் மேசையைச் சுற்றி வரும். யாரும் வாய் திறக்காமல், தனித்தனியே சீட்டில் தரமும் குறையும் எழுதுவோம். பிறகு சீட்டுகளைப் பிரித்து, ஏன் வேறுபட்டோம் என்று விளக்கடியில் வைத்துப் பேசுவோம். என் புளி போட்ட செம்புக்காசை முதலில் நான் வைக்கிறேன். அந்தப் பெண்ணும் தன் 1911ஐக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அதன் பூப்பக்கம் அதிகம் துலக்குப்படவில்லை. வருடத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் பழைய ஒளி இன்னும் சுற்றுகிறது.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழன்